ஒன்பதாம் நம்பர் மாப்பிள்ளை

இன்னும் கொஞ்சம் நெருங்கி வாருங்கள், கண்ணுகளா. அந்தச் சாக்கை இழுத்துப் போட்டுக்கொண்டு அடுப்புப் பக்கமாக உட்காருங்கள். மலையில் பனி மூடிவிட்டது, இனி யாருக்கும் வெளியே போகிற வேலையில்லை. தேத்தண்ணியைச் சூடாகவே குடியுங்கள். முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்துப் பெண் கொடுக்கப் போன ஒரு மனிதனின் கதை இது. சிரிக்க நிறைய இருக்கிறது. ஒரே ஓர் இடத்தில் நெஞ்சு பக்கென்று போகும். அந்த இடம் வந்ததும் என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், போதும்.

கொட்டகலைக்கு மேலே, மெயின் ரோட்டை விட்டு ஏறினால் கல்லுப்பாலம் தோட்டம். தீபாவளிக்கு, கொழும்புக் கடைகளில் நிற்கிற பிள்ளைகளெல்லாம் பையும் கையுமாக லயத்து வீடுகளுக்கு வந்து சேர்ந்ததும், சுற்றியிருக்கிற தோட்டங்கள் கூடிக் கால்பந்துப் போட்டி வைக்கும். முன்னொரு காலத்தில் ஆளாளுக்கு வெளியூரிலிருந்து ஆட்டக்காரர்களைக் கூட்டிவந்து, அதனால் அடிதடியாகி, பந்தைவிட மண்டைகள் அதிகம் உடைந்தன. அப்போது பெரியவர்கள் கோயில் முற்றத்தில் கூடி ஒரு விதி போட்டார்கள். தோட்டத்துப் பிள்ளைகள் மட்டும்தான் ஆடலாம். ஆனால் தோட்டத்து மாப்பிள்ளையும் தோட்டத்துப் பிள்ளைதான். நிச்சயத் தட்டு மாறிவிட்டால் மறுநாளே ஜெர்சி போடலாம்.

பெரியவர்கள் நல்ல மனதோடுதான் போட்டார்கள். ஆனால் அன்றிலிருந்து எங்கள் பக்கம் பெண் பார்க்க யாராவது வந்தால், பையன் என்ன வேலை செய்கிறான் என்று கேட்பதற்கு முன்னாலேயே, "எந்த எடத்துல ஆடுவாரு?" என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

இந்த வியாதி எல்லாரையும்விடச் சின்னராசாவுக்குத்தான் முற்றியிருந்தது. தேயிலை ஸ்டோரில், கொழுந்தை அரைக்கிற ரோலர் மெசினுக்குப் பக்கத்தில் நிற்கிறவர். எவ்வளவு குளித்தாலும் அவர் சட்டையில் பச்சைக் கொழுந்து வாசம் போகாது. எங்கள் தோட்டத்து இளஞ்சூரியன் கால்பந்துக் கிளப்புக்கு அவர்தான் தலைவர். அவருடைய சிம்மாசனம் ஜெயகாந்தனின் சலூன் நாற்காலி. முகமெல்லாம் சவர நுரையோடு அதில் சாய்ந்துகொண்டு, பழைய மாப்பிள்ளைகளை ஒவ்வொருவராக இழுத்துப் போட்டுத் துவைப்பார். பேச்சை எப்போதும் அவர்தான் ஆரம்பிப்பார். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்குத் தீபாவளி நெருங்கியிருந்தது. பெஞ்சில் இரண்டு பேர். ஒருவர் வைரவன், கோல்கீப்பர் என்று நம்பித் தலவாக்கலையிலிருந்து எடுத்த மாப்பிள்ளை. மற்றவன் வினோஜன், இப்போது கோலுக்குள் நிற்கிற இளவட்டம். தூரத்தில் ரயில் கூவியது.

"வைரவா, ஏழு மணி கோச்சி கூவுதுடா. எந்திரிச்சிக் கை காட்டல?" என்றார் சின்னராசா.

"இன்னுமாண்ணே அத விடல?" வைரவன் பெருமூச்சு விட்டார். "என் கூடப்பொறந்த தங்கச்சி பதுளைக் கோச்சியில சன்னலோரமா ஒக்காந்து 'அண்ணே'ங்குது. கோலு பெருசா, தங்கச்சி பெருசா?"

"தங்கச்சி அடுத்த டேசன்ல எறங்கி ஒன் வீட்டுக்குத்தான் வந்துச்சி. போன கோலு திரும்பி வந்துச்சா?"

"நீங்க வேற. அந்தக் கிஷாந்துக்கு இவரு தேவல," என்றார் ஜெயகாந்தன், கத்தியைத் தோல்வாரில் தீட்டிக்கொண்டே. "அகரப்பத்தனையில இருந்து எடுத்தோமே. தலையால அடிச்சா பந்து கிழிஞ்சிரும்னாங்க."

"கிழிஞ்சிச்சா?"

"பந்து கிழியல தம்பி. மூங்கி போஸ்ட்ட முட்டி அதச் சாச்சிப்புட்டாரு. ரெபரி ஐயா சுத்தியல் தேடிக்கிட்டு ஸ்டோர் வரைக்கும் நடந்தாரு. அவரு திரும்பி வர்றதுக்குள்ள மழை புடிச்சி, ஆட்டமே நின்னுபோச்சி."

"தோக்காம காப்பாத்துனாருன்னு சொல்லுங்க," என்றான் வினோஜன்.

"வெள்ளச் சப்பாத்து மாப்புளய மறந்துட்டீங்களே!" சின்னராசா நுரை தெறிக்கச் சிரித்தார். "கொழும்பு மாப்புள. சேறு படும்னு ரெண்டு பேரு தூக்கிட்டுப் போயி நடுக் கிரவுண்டுல எறக்கி வச்சோம். எறக்கி வச்ச எடத்துலயே கடைசி வரைக்கும் நின்னாரு. திரும்பவும் தூக்கிட்டு வந்தோம். சப்பாத்து மட்டும் பளபளன்னு இருந்திச்சி."

"ஓடைக்காட்டுத் தோட்டத்துக்காரனுங்க இந்த வருசம் பலமாமே?" என்று வைரவன் பேச்சை மாற்றினார். "பொகவந்தலாவையில ஒரு பையனப் பாத்துவச்சிருக்கானுங்களாம். பொண்ணு இன்னும் சரின்னே சொல்லலையாம், அதுக்குள்ள ஜெர்சி தச்சாச்சாம்."

சின்னராசா சட்டைப் பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து, ஈரக் கை படாமல் நீட்டினார். ஒன்பதாம் நம்பர் ஜெர்சி போட்ட ஒரு பையன். கையில் தகதகவென்று ஒரு கப்பு.

"வட்டவளைப் பையன். பேரு தர்ஷன். ஹட்டன் ஹார்ட்வெயார் கடையில நிக்கிறாரு. எம் மக சுலக்ஷனாவுக்கு."

மூன்று தலைகளும் படத்துக்குள் கவிழ்ந்தன. கடைசியில் வினோஜன்தான் கேட்டான்:

"மாமா, முட்டியோட முடிஞ்சிபோச்சே. கால் எங்க?"

"கப்பு தெரியுதில்ல? கால் இல்லாமக் கப்பு வருமாடா?"

படத்தில் கால் ஏன் இல்லை என்று தெரிந்த ஒரே ஆள் சுலக்ஷனாதான். காலை வெட்டியதே அவள்தான். ஹட்டனில் பாலர் வகுப்பு டீச்சர்மாருக்கான பயிற்சிக்குப் போய்வந்த பஸ்ஸில் பழக்கமான பையன் தர்ஷன். நல்ல பிள்ளை, பேச்சில் தேன் ஒழுகும். வட்டவளைப் பக்கத்துப் போட்டிகளில் மைக் பிடித்து ஆட்டத்தை விவரிக்கிறது அவன்தான். அவன் வாயால் கேட்டால் சும்மா உருண்ட பந்துகூட ஆகாயத்தில் பறந்த மாதிரி இருக்கும். ஆனால் அவன் காலுக்கும் பந்துக்கும் ஜென்மப் பகை. "எங்கப்பாகிட்ட வேற எதச் சொன்னாலும் ஏறாது," என்று சொல்லி, ஜெயித்தவனிடம் ஜெர்சியையும் கப்பையும் ஒரு நிமிடம் இரவல் வாங்கி நிற்கவைத்துப் படமெடுத்தாள். கீழே இருந்தது கடைக்குப் போட்டுவந்த நீளக் காற்சட்டையும் ரப்பர் செருப்பும். அதனால்தான் முட்டியோடு வெட்டு.

பெண் பார்க்க வந்த அன்றே இந்தக் குட்டு ஒருத்திக்கு வெளிச்சமாகிவிட்டது. சுலக்ஷனாவின் அம்மா நாகலெட்சுமிக்கு. மாப்பிள்ளை வீட்டார் இஸ்தோப்புத் திண்ணையில் முறுக்கு கடித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்துக் காம்பரா வீட்டுப் பிள்ளைகளின் பந்து உருண்டுவந்து தர்ஷன் முன்னால் நின்றது. எல்லாரும் பார்க்கிறார்களே என்று அவனும் எழுந்து ஓர் உதை விட்டான். பந்து நின்ற இடத்திலேயே நின்றது. செருப்புத்தான் பறந்துபோய் மரக்கறிச் சட்டிக்குள் விழுந்தது. அந்த நேரம் சின்னராசா உள்ளே வெற்றிலைத் தட்டம் தேடிக்கொண்டிருந்தார். நாகலெட்சுமி செருப்பை எடுத்துக் கழுவி, அவன் காலடியில் வைத்துவிட்டு, "கறி கொஞ்சம் கொறைவா இருக்கும் தம்பி, கோவிச்சுக்காதீங்க," என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் பத்தாம் நம்பர் மலையில் நாகலெட்சுமி கொழுந்து எடுக்கும்போது, அவளுடைய அக்கா காளியாயி பக்கத்து நிரையில் நின்று கிண்டினாள். தலையில் கூடைக் கயிறு, இடுப்பில் படங்குச் சாக்கு, வாயில் வெற்றிலை. கை பாட்டுக்குக் கொழுந்தைக் கிள்ளும், வாய் பாட்டுக்கு ஊரைக் கிள்ளும்.

"நாகு, செருப்பு வேகுற வரைக்கும் வச்சிருந்தியா, ஒடனே எடுத்துட்டியா?"

"மெதுவாப் பேசு அக்கா. கங்காணி காதுல விழுந்தா சலூன்ல விழுந்த மாதிரி."

"அந்தப் பையனப் புடிச்சிருக்கா ஒனக்கு?"

"செருப்பு விழுந்ததுக்கு அந்தப் புள்ள சிரிச்சி மழுப்பல அக்கா. எம்பிட்டு வெக்கப்பட்டிச்சி தெரியுமா. சட்டியக் கழுவித் தாறேன்னு எந்திரிச்சிருச்சி. அது போதும் எனக்கு."

"ஒம் புருசனுக்குப் போதுமா?"

நாகலெட்சுமி சேலை முனையில் ஏறிய அட்டையைச் சுண்டிவிட்டு அடுத்த செடிக்கு நகர்ந்தாள்.

நிச்சயம் நடந்தது. வட்டவளையிலிருந்து வந்த எவர்சில்வர்த் தட்டில் பழம், பூ, வெற்றிலை, சேலை. தட்டு மாறியதும் சின்னராசா முதல் வேலையாக ஒன்பதாம் நம்பர் ஜெர்சியை மாப்பிள்ளையின் தோளில் போட்டார். மோதிரத்தைப் பிறகுதான் போட்டார். பெண் வீட்டில் தங்கக்கூடாது என்பதால் தர்ஷனுக்கு வைரவன் வீட்டில் பாய் விரித்தார்கள்.

அதோடு விட்டிருந்தால் கதையே இல்லை. சாயந்திரம் கொட்டகலைக் கடைவீதியில் ஓடைக்காட்டுக்காரர்கள் நின்றிருந்தார்கள். மறுநாள் ஆட்டமே இரண்டு தோட்டத்துக்கும்தான். அவர்களில் ஒருவன், "தலைவரே, புது மாப்புள எப்படி? இவரும் கோச்சிக்குக் கை காட்டுவாரா, இல்ல தூக்கிட்டுத்தான் வரணுமா?" என்றான். சின்னராசாவுக்குச் சுருக்கென்றது. சலூன் வாசலில் கட்டியிருந்த கிளப்புக் கொடியைப் பிடித்துக்கொண்டு, ஊரே கேட்கச் சொன்னார்:

"நாளைக்கு எம் மாப்புள கோல் போடலைன்னா, வந்த தட்டக் கையோட வட்டவளைக்குத் திருப்பி அனுப்பிருவேன். கொடி மேல சத்தியம்!"

தட்டைத் திருப்பினால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். சம்பந்தம் முறிந்தது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தப் பெண் அந்த வீட்டுப் பேரைக்கூட வாயால் சொல்ல முடியாது.

சத்தியம் அவருக்கு முன்னால் லயத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. விடிந்ததும் சுலக்ஷனா தேங்காய் துருவுகிற சாக்கில் அழுதுகொண்டிருந்தாள். நாகலெட்சுமி ரொட்டிக்கு மாப் பிசைந்தாள்.

"எல்லாம் நாஞ் செஞ்ச வேலதாம்மா. அந்தப் படம்…"

"தெரியும். செருப்பு விழுந்த அன்னைக்கே தெரியும்."

"அப்ப ஏம்மா சொல்லல?"

"யாருகிட்ட? ஒங்கப்பாகிட்டயா? கண்ணத் தொடச்சிக்க, சம்பல்ல உப்புக் கூடிறப் போவுது."

"அவரு இல்லாம எனக்கு வேற…"

"அதுவும் தெரியும். துருவு."

அதே நேரம் வாசலில் தர்ஷன் வந்து நின்றான். சின்னராசா குந்தியிருந்து பந்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, ஒண்ணு சொல்லணும். எனக்கு வெளயாட வராது."

சின்னராசா வாய்விட்டுச் சிரித்தார். "பெரிய ஆட்டக்காரங்க எல்லாம் இப்புடித்தான் மாப்புள சொல்லுவாங்க."

"இல்ல மாமா, நெசமாத்தான். நான் மைக் புடிக்கிற ஆளு. அந்தக் கப்பு என்னோடது இல்ல."

"கேட்டியா நாகலெட்சுமி! கப்பு டீமுக்குச் சொந்தமாம், தனக்கு இல்லியாம். என்னா ஒரு பணிவு! போயி ரொட்டியச் சாப்புடுங்க மாப்புள. சம்பல் கொறைவா எடுங்க, ஓடும்போது எரியும்."

அந்தப் பிள்ளை வேறு என்ன செய்யும், சொல்லுங்கள். உண்மையைச் சொன்னதற்குப் பாராட்டு வாங்கிக்கொண்டு ரொட்டியைத் தின்றான்.

எங்கள் கிரவுண்டைப் பார்த்திருக்கிறீர்களே. ஒரு கோல் கோயில் பக்கம் மேட்டில், இன்னொன்று ஓடைப் பக்கம் பள்ளத்தில். பந்து தானாகவே பள்ளத்துக்கு ஓடும். வெட்டிவிட்ட தேயிலைச் செடிகள்தான் எல்லைக்கோடு. அன்றைக்கு லயம் முழுக்க வரப்பில் குடையோடு நின்றது. மழை தூறித் தூறி நின்றது. முதல் பாதியில் தர்ஷன் விழுந்ததை எண்ண முடியாது. பந்து இடப்பக்கம் போனால் அவன் வலப்பக்கம் இருப்பான். அவன் போய்ச் சேரும்போது பந்து வேறு சோலியாகப் போயிருக்கும்.

"தலைவரே, மாப்புள பந்தத் தேடுறாரா, வழி தேடுறாரா?" என்று ஓடைக்காட்டுப் பக்கமிருந்து ஒரு குரல்.

"எதிராளிய ஏமாத்துறாருடா," என்றார் சின்னராசா. ஆனால் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

பாதி ஆட்டம் முடிந்து பக்கம் மாறினார்கள். அப்போதுதான் ஓடையிலிருந்து பனி ஏறியது. வெள்ளைத் துணியைப் போர்த்தியது போலக் கிரவுண்டு மறைந்தது. எந்தப் பக்கமும் கோல் விழவில்லை. கடைசி நேரம். எங்கிருந்தோ ஒரு பந்து உருண்டுவந்து தர்ஷன் காலடியில் தானாக நின்றது. பக்கத்தில் ஒருவரும் இல்லை. அவன் நிமிர்ந்து பார்த்தான். பனிக்குள் மங்கலாக ஒரு கோல் தெரிந்தது. ஓடினான். வரப்பெல்லாம் கத்தியது. "நில்லுங்க! அந்தப் பக்கம் இல்ல! திரும்புங்க!" அவ்வளவு பேர் சேர்ந்து கத்தினால் எல்லாம் ஒரே இரைச்சல்தானே. தன்னை உற்சாகப்படுத்துகிறார்கள் என்று நினைத்து அவன் இன்னும் வேகமாக ஓடினான். பிறந்ததிலிருந்து உதைக்காத ஓர் உதை உதைத்தான். பந்து அவன் நினைத்த இடத்துக்கே போனது, மேல் மூலைக்கு. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு குதித்தான்.

கோலுக்குள்ளிருந்து வினோஜன் இடுப்பில் கைவைத்துக்கொண்டு வெளியே வந்தான்.

"மச்சான்," என்றான், "நான் ஒங்க ஆளு."

ரெபரி கடைசி விசிலை ஊதினார். ஓடைக்காட்டுக்காரர்கள் துள்ளிய துள்ளலில் பனியே கலைந்துவிட்டது.

இங்கேதான் கண்ணுகளா, கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். சின்னராசா யாரையும் ஏசவில்லை. ஏசியிருந்தால் பரவாயில்லை. முகம் கறுத்துப்போய் வரப்பிலிருந்து இறங்கி, நடுக் கிரவுண்டுக்கு வந்து நின்று, "நாகலெட்சுமி, வீட்டுக்குப் போயி அந்தத் தட்ட எடுத்துட்டு வா," என்றார். சுலக்ஷனா போர்வையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தர்ஷன் சேறும் மழையுமாக நின்று, அவளைப் பார்த்து, "சுலு, ஒரு தடவையாவது சரியா அடிப்போம்னு நெனச்சேன்," என்றான்.

நாகலெட்சுமி லயத்துப் படியேறினாள். அவள் திரும்பி வரும்வரை ஒருவரும் அசையவில்லை. வந்தபோது அவள் கையில் இரண்டு தட்டுகள் இருந்தன. ஒன்று புது எவர்சில்வர். மற்றது விளிம்பு நெளிந்து கறுத்துப்போன பழைய பித்தளைத் தட்டு. இரண்டையும் சின்னராசாவுக்கு முன்னால் ஈரப் புல்லில் வைத்தாள்.

"இது என்னாத்துக்கு?" என்றார் அவர் பித்தளையைக் காட்டி. கேட்கும்போதே அவருக்குப் பதில் தெரிந்துவிட்டது, கண் தாழ்ந்துபோனது.

"ஒங்க திம்புள்ளயில இருந்து எனக்கு வந்த தட்டு. திருப்பி அனுப்புறதுன்னா வரிசைப்படி அனுப்பணுமில்லையா. பழசு மொதல்ல போகட்டும். அப்புறம் இவ தட்டப் பாப்போம்."

காளியாயியால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. இத்தனை வருடமும் தங்கச்சி கேட்டுக்கொண்டாளே என்று வெற்றிலையோடு சேர்த்து மென்று அடக்கிவைத்திருந்த சிரிப்பு குபீரென்று வெளியே வந்தது.

"அதே போஸ்ட்டு! அதே மூல! பந்து போனப்பவே நெனச்சேன். தலைவர் தம்பி, நீங்க அடிச்சப்பவும் இப்புடித்தான பனி?"

"என்னாது?" வைரவன் முன்னால் வந்தார். அவர் இந்தத் தோட்டத்துக்கு மாப்பிள்ளையாக வந்தது அதற்குப் பின்னால்தான். "யாரு அடிச்சது? எந்தப் போஸ்ட்டு?"

"ஒங்க தலைவரு! திம்புள்ளயில இருந்து சென்டர் பார்வேடுன்னு எடுத்தோம். நிச்சயம் முடிஞ்ச மறுநா, நம்ம கோலுக்குள்ள நம்ம பந்தையே போட்டுட்டு, ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டுக் கோயில் வரைக்கும் ஓடுனாரு. சாமி கும்புடப் போறாருன்னு நெனச்சோம்!"

ஜெயகாந்தன் குடையைக் கீழே போட்டுவிட்டார். சின்னராசா ஏன் எப்போதும் தானே பேச்சை ஆரம்பிப்பார் என்று அப்போதுதான் எல்லாருக்கும் விளங்கியது. அடுத்தவன் கதை தொடங்கிவிட்டால் தன் கதைக்கு இடமிருக்காதே. பார்த்தவர்களில் பாதிப்பேர் கொழும்புக்கும் வேறு தோட்டத்துக்கும் போய்விட்டார்கள். மிச்சப் பேர் மறந்துவிட்டார்கள். மறக்காத இரண்டு பேர் சலூனுக்குப் போகாத பெண்கள்.

நாகலெட்சுமி சிரிக்கவில்லை. மெதுவாகக் கேட்டாள்: "அன்னைக்கு எங்கப்பாவும் இந்த வரப்புலதான் நின்னாரு. ஆட்டம் முடிஞ்சதும் ஒங்கள என்னா செஞ்சாரு? சொல்லுங்க, எல்லாரும் கேக்கட்டும்."

சின்னராசா தட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனாரு."

"கூட்டிட்டுப் போயி?"

"சுடுதண்ணி வச்சிக் குடுத்து, கால் கழுவச் சொன்னாரு."

"அப்புறம்?"

"சோறு போட்டாரு."

"என்னா கொழம்பு?"

"கருவாட்டுக் கொழம்பு," என்றார் சின்னராசா. "ரெண்டாந்தரமும் ஊத்துனாரு. பந்தப் பத்தி ஒரு வார்த்த கேக்கல மனுசன். சாகுற வரைக்கும் கேக்கல."

பனி மறுபடியும் இறங்கிக்கொண்டிருந்தது. சின்னராசா நிமிர்ந்து தர்ஷனைப் பார்த்தார். முகத்தை அல்ல, பழக்கதோஷம், காலைத்தான் பார்த்தார். சேறு முட்டிவரை அப்பியிருந்தது. பெருவிரல் நகம் பெயர்ந்து இரத்தம் கசிந்தது.

"எந்தக் கால்ல அடிச்சீங்க மாப்புள?"

"எடது கால் மாமா."

"நான் வலது," என்றார் சின்னராசா. "அடி என்னமோ நல்ல அடிதான். அந்த மூலைக்கு அப்புடி ஏத்துறது லேசில்ல."

பிறகு குனிந்து இரண்டு தட்டையும் எடுத்தார். சின்னதைப் பெரியதற்குள் வைத்து, சட்டையால் ஈரத்தைத் துடைத்து, மனைவியிடம் கொடுத்தார்.

"தண்ணியச் சுட வையி நாகலெட்சுமி. மாப்புள கால் கழுவணும்."

அதற்குப் பிறகுதான் வரப்பு மூச்சு விட்டது. ஓடைக்காட்டுக்காரன் ஒருவன் சும்மா இருப்பானா? "தலைவரே, கொடி மேல சத்தியம்?" என்றான். பதிலுக்கு ஜெயகாந்தன், "கோல் போடலைன்னாத்தான தட்டு திரும்பும்? போட்டாருல்ல? அதுவும் ஒங்களுக்காகப் போட்டாரு. கல்யாணத்துக்கு மொய் கொண்டாங்கடா!" என்றார்.

கல்யாணம் தை மாதம் நடந்தது. அடுத்த தீபாவளிக்குத் தர்ஷன் வரப்பில் மைக்கோடு நின்றான். அப்படி ஓர் ஆட்ட விவரிப்பை எங்கள் மலை கேட்டதில்லை. எங்கள் பிள்ளைகள் தோற்றதுகூட ஜெயித்த மாதிரிக் காதில் விழுந்தது. வைரவனுக்கு இப்போதும் சலூனில்தான் பொழுது போகிறது. சின்னராசா நாற்காலியில் சாய்ந்து வாய் திறப்பதற்குள் அவர் முந்திக்கொள்கிறார்: "அண்ணே, கோயிலுக்கு எந்தப் பக்கமாப் போனீங்க அன்னைக்கு?" சின்னராசா நுரைக்குள்ளிருந்து சிரிக்கிறார். பக்கத்தில் மருமகன் இருந்தால், "எங்க குடும்பத்துல எல்லாருக்கும் அந்த மூலதாண்டா ராசி," என்கிறார்.

அவ்வளவுதான் கண்ணுகளா. எழுந்து போகும்போது பார்த்துப் போங்கள், படி வழுக்கும். உங்கள் வீட்டு வாசலுக்கு வருகிற பிள்ளை பந்தை எந்தப் பக்கம் உதைத்தவனாக இருந்தாலும், அவன் கால் கழுவ உங்கள் அடுப்பில் எப்போதும் சுடுதண்ணி இருக்கட்டும். சட்டியில் இரண்டாந்தரம் ஊற்றக் குழம்பு இருக்கட்டும். உங்கள் வீட்டுக்கு வந்த தட்டு எதுவும் திரும்பிப் போகாமல், விளிம்பு நெளிந்து கறுக்கும்வரை உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.